சலவைக் கடையில் ஓர் ஆய்வு

வீட்டில் அவளைப் பூதம் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் எதைப் பார்த்தாலும் மூக்கு உரசும் தூரத்துக்குப் போய்ப் பார்ப்பாள். வந்த விருந்தாளியின் காதுமடலில் இருக்கும் மருவைக்கூட விடமாட்டாள். “இது பொண்ணில்ல, பூதக்கண்ணாடி” என்று அண்ணன் ஒருநாள் சொல்லிவைத்தான். நாளடைவில் கண்ணாடி உதிர்ந்துபோய்ப் பூதம் மட்டும் தங்கிவிட்டது.

அப்பாவும் அம்மாவும் வெளியூரில் அக்கா வீட்டோடு இருந்தார்கள். கல்லூரியில் இடம் கிடைத்ததும் பூதம் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுபவன். அண்ணி ஒரு சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கும் கவுன்டரில் வேலை பார்த்தாள். மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வீடு. கூடத்தில் பூதத்துக்கு ஒரு மடக்குக் கட்டில். காலையில் அதை மடக்கிச் சுவரில் சாய்த்தால்தான் அண்ணன் காலை நீட்டி ஷூ மாட்ட முடியும்.

அவள் கேட்டது உளவியல். கிடைத்தது மானிடவியல். பட்டியலில் பெயரைப் பார்த்த அன்று அது என்னவென்று அவளுக்கே சரியாகத் தெரியாது. டிப்போவில் அண்ணனைக் கேட்டிருக்கிறார்கள், தங்கச்சி என்ன படிக்கிறாள் என்று.

“மனுஷனப் பத்திப் படிக்கிறா” என்றானாம் அண்ணன்.

“அதுக்கு எதுக்குய்யா காலேஜ்? காலையில நம்ம வண்டியில ஒரு வாரம் தொங்கிட்டு வரச் சொல்லு, பட்டமே குடுத்துடலாம்.”

அண்ணன் இதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பூதமும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து யாராவது என்ன படிக்கிறாய் என்று கேட்டால், “சயின்ஸ் மாதிரி ஒண்ணு” என்று முனகிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

முதல் வருடம் எலும்பு. நீண்ட மேசைகள் போட்ட ஆய்வகத்தில் மண்டை ஓடுகள் வரிசையாக இருந்தன. சில பிளாஸ்டிக், சில நிஜம். துணிப்பைக்குள் கையைவிட்டு, கண்ணால் பார்க்காமல், தடவியே இது எந்த எலும்பு, இடதா வலதா என்று சொல்ல வேண்டும். தேர்வன்று பூதம் பைக்குள் கையைவிட்டாள். வியர்த்துக் கொட்டியது. சின்னதாக, நீளமாக ஏதோ தட்டுப்பட்டது. “விரல் எலும்பு சார், வலது கை” என்றாள் அழுத்தந்திருத்தமாக. வாத்தியார் வெளியே எடுத்துக் காட்டினார். அது வாத்தியாருடைய பேனா மூடி. யாரோ வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள். வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டை அவள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள்.

வீட்டில் சொன்னபோது அண்ணிதான் சமாதானப்படுத்தினாள். தலையை அளக்கும் வளைந்த கருவி ஒன்றைப் பூதம் இரவல் வாங்கி வந்திருந்தாள். அதை வைத்து அண்ணனின் தலையை இருவரும் அளந்தார்கள். 

“பரவால்லயே, பெரிய தலதான்” என்றாள் அண்ணி. “உள்ள ஏதாச்சும் இருக்கான்னும் இது சொல்லுமா?”

அப்படிப்பட்டவள் அண்ணி. வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூதத்துக்கு அவளிடம் உயிர். ஆனால் அந்த உயிர் வீட்டு வாசலோடு நின்றுவிடும் என்பதை அந்த வருடமே அவள் தெரிந்துகொண்டாள்.

கல்லூரியில் முதல் வருடத்துப் பிள்ளைகளின் வீட்டாரை அழைத்து ஒரு கூட்டம் வைத்தார்கள். அண்ணனுக்கு அன்று டூட்டி இருந்தது. அண்ணி வருவதாகச் சொன்னாள். வகுப்புத் தோழிகளின் அம்மாக்களில் ஒருவர் வக்கீல், ஒருவர் பல் டாக்டர். பூதம் இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணியின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

“அண்ணி, அன்னைக்கு மட்டும் கொஞ்சம் நல்லதா எதையாச்சும் போட்டுட்டு வாங்களேன். எல்லார் வீட்லருந்தும் டீசன்ட்டா வருவாங்க.”

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “சரி” என்றாள் அண்ணி. அவ்வளவுதான்.

கூட்டத்துக்கு அண்ணி அரக்கு நிறத்தில் ஒரு கம்பளிச் சால்வை போர்த்தி வந்தாள். ஓரமெல்லாம் கறுப்பு நூல் வேலை. அவள் நடந்து வந்த விதமே வேறாக இருந்தது. “உங்க அண்ணி செம ஸ்டைல்” என்று தோழி ஒருத்தி காதில் சொன்னாள். பூதத்துக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய் அறிமுகம் செய்துவைத்தாள். சால்வை ஏது என்று கேட்கவே இல்லை. கேட்டால் கிடைக்கப்போகும் பதில் பிடிக்காது என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கும்.

இரண்டாம் வருடம் மண்ணும் மொழியும். ஊருக்கு வெளியே பழைய செங்கல் சூளை ஒன்றின் அடித்தளத்தைத் தோண்டினார்கள். கயிறு கட்டிக் கட்டம் பிரித்து, கரணையால் மண்ணைச் சுரண்டி, தூரிகையால் தட்டிவிட வேண்டும். வெயிலில் முட்டி போட்டு முட்டி போட்டு முழங்கால் காய்த்துப்போனது. ஒருநாள் சல்லடையில் வட்டமாக, துளையோடு ஒன்று சிக்க, “பாசிமணி! பாசிமணி!” என்று பூதம் கத்தினாள். எல்லாரும் ஓடிவந்தார்கள். சட்டைப் பித்தான். அதன் பின்பக்கம் கம்பெனிப் பெயர் கூட இருந்தது. அதற்கப்புறம் மூன்றாம் வருடம் முடியும்வரை அவளைப் பார்த்தால் பையன்கள் சட்டைப் பித்தானைத் தொட்டுக் காட்டுவார்கள்.

மொழி வகுப்பில்தான் முதல்முறையாக அவள் தலை நிமிர்ந்தது. இயல்பாக நடக்கும் ஓர் உரையாடலைப் பதிவு செய்து, இழுப்பும் திக்கலும் பெருமூச்சும் விடாமல் அப்படியே எழுதிவரச் சொன்னார்கள். அண்ணி தன் தங்கையோடு போனில் பேசியதை, அவளிடம் கேட்டுவிட்டுத்தான், பூதம் பதிவு செய்தாள். அண்ணன் கொசுவை விரட்டப் போய் அலமாரியைக் கவிழ்த்த கதை. வகுப்பில் போட்டுக் காட்டியபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதை எங்கே நிற்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, “அப்புறம் கேளேன்” என்ற சொல் எந்த இடத்தில் வந்து விழுகிறது என்று பேராசிரியை பலகையில் எழுதிக் காட்டினார்.

“யாரு இவங்க? நல்ல தகவலாளி கெடைச்சிருக்காங்க உனக்கு. விட்டுடாத” என்றார்.

பேராசிரியை நல்லவர். மாணவர்கள் சொல்வதை முகத்தைப் பார்த்துக் கேட்பவர். அவர் வாயால் வந்த அந்த வார்த்தை பூதத்தின் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பித்தானும் பேனா மூடியும் மறந்துபோகும்படி ஒரே ஒரு தடவை பெரிதாக எதையாவது செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறி வந்தது.

மூன்றாம் வருடக் கள ஆய்வுக்கு அண்ணியின் சலவைக் கடையையே எடுத்துக்கொண்டாள். “உங்க கடையப் பத்தி எழுதட்டுமா அண்ணி?” என்று கேட்டதற்கு, “எழுதேன், எங்க மொதலாளி மூஞ்சியையும் சேத்து எழுது” என்றாள் அண்ணி. முதலாளியும் சந்தோஷமாகத் தலையாட்டினார். கடைக்கு விளம்பரம் என்று நினைத்தார்.

விடுமுறை முழுக்கப் பூதம் அங்கேதான் கிடந்தாள். முன்பக்கம் கவுன்டர், பின்னால் துணி தொங்கும் இரும்புக் கம்பிகள், அதற்கும் பின்னால் நீராவி. தேய்ப்பவனை நெட்டை என்பார்கள். அவன் பெட்டியை அழுத்தும்போதெல்லாம் புஸ்ஸென்று வெள்ளைப் புகை எழும்பும். கறை எடுக்கும் பெண்ணுக்குப் பெரியக்கா என்று பெயர். சட்டைக் காலரைப் பார்த்தே, “இவரு வீட்ல நிம்மதி இல்ல” என்று அடித்துவிடுவாள். அது உண்மையா பொய்யா என்பது யாருக்கும் முக்கியமில்லை. முதலாளி வெளியே போனதும் அவர் நடையை நடித்துக் காட்டுவது அண்ணியின் வேலை. பூதத்தை அவர்கள் வேற்றாளாக நினைக்கவில்லை. டீ வாங்கினால் அவளுக்கும் ஒரு கப். துணி மடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள்.

ஒரு மத்தியானம் மழையில் கடை காலியாக இருந்தது. பூதமும் அண்ணியும் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து தேய்த்த துணிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. உன் காலேஜ் கூட்டத்துக்கு ஒரு சால்வை போத்திட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா? அது என்னதில்ல. சலவைக்கு வந்தது. ஒரு டீச்சரம்மாவோடது. அன்னைக்கு சாயங்காலம் எடுத்துட்டு வந்து, மறுநாள் காலையில மெஷின்ல போட்டுட்டேன். கூட்டம் பூரா யாராச்சும் மேல காபிய ஊத்திடுவாங்களோன்னு உயிரக் கையில புடிச்சிட்டு நின்னேன். நீ வேற எல்லார்கிட்டயும் இழுத்துட்டுப் போற!”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பூதமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, இது ஆய்வில் எங்கே வரும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

எழுத உட்கார்ந்தபோது கை தானாக ஓடியது. “நடுவயதுப் பெண் தகவலாளி ஒருவர், வாடிக்கையாளர் ஒருவரின் அரக்கு நிறச் சால்வையைச் சலவைக்கு முன் ஒரு பொது நிகழ்ச்சிக்கு அணிந்து சென்றதாகக் கூறினார். தனக்கு எட்டாத ஒரு சமூக அந்தஸ்தை ஒரு மாலைப்பொழுதுக்கு நடித்துப் பார்க்கும் முயற்சி இது.” எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தாள். பாத்திரம் கழுவிய முதுகு ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போனது. அன்று தான் சொன்னதையும் சேர்க்கலாமா என்று யோசித்தாள். ஆய்வாளர் தன்னைப் பற்றி எழுதுவது தேவையற்றது என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு மேலே போனாள். பேர் போடவில்லை, அப்புறம் என்ன என்றும் நினைத்தாள்.

பேராசிரியை அந்தப் பத்திக்குக் கீழே கோடிட்டு, “மிக அருமை” என்று எழுதியிருந்தார். வருடாந்தரக் கண்காட்சிக்கு அதைப் பெரிய பலகையாக அச்சடிக்கத் தேர்ந்தெடுத்தார்கள். யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களையும் கண்காட்சிக்கு அழைக்க வேண்டும் என்பது துறையின் வழக்கம். பூதம் அழைத்தாள். படங்களைப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தாள். அவர்கள் படிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பின்னாளில் அவளை மிகவும் குறுக வைத்தது இந்த ஒன்றுதான்.

கண்காட்சியன்று முதலாளி கடையை அரைநாள் பூட்டிவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணி தன் சாதாரண உடையில், தலையை வாரி முடிந்து வந்திருந்தாள். நீராவிப் புகைக்கு நடுவே நிற்கும் நெட்டையின் படத்தைப் பார்த்துப் பெரியக்கா கைதட்டினாள். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க வாசிக்கத் தொடங்கினார்.

“‘முதலாளி கடைக்குள் வரும்போது முதலில் வயிறு வரும், கொஞ்ச நேரம் கழித்து அவர் வருவார் என்று பெண்கள் கேலி செய்வதுண்டு...’ யாரு? யாரு சொன்னது?”

நெட்டை கூரையைப் பார்த்தான். பக்கத்துப் பலகைகளிலிருந்து ஆட்கள் சிரித்துக்கொண்டே நெருங்கி வந்தார்கள். முதலாளி முகம் சிவந்தாலும், வாசித்த வேகத்தில் அடுத்த பத்திக்குப் போய்விட்டார். பூதம் கையை நீட்டினாள். எதைத் தடுக்கப் போகிறாள்? அரக்கு நிறச் சால்வை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது.

“அரக்கு கலரா? நம்ம டீச்சரம்மாவோடதா?” முதலாளி திரும்பினார். “யாரு எடுத்தது?”

பெரியக்கா தரையைப் பார்த்தாள். சுற்றி நின்ற அந்நியர்கள் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள்.

“நான்தான் சார்” என்றாள் அண்ணி.

சொல்லிவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் போனாள். விரலை வைத்து வரி வரியாக, உதடு அசைய, அந்தப் பத்தியை முழுக்கப் படித்தாள். ஒருமுறை படித்துவிட்டு மறுபடி மேலே போய்ப் படித்தாள். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

பூதம் பின்னால் ஓடினாள். தாழ்வாரத்தின் கடைசியில், குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

“அண்ணி, நான் பேரு போடல...”

“போடலதான்.” அண்ணியின் குரலில் கோபம் இல்லை. “எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. கதவு, பெட்டி, கம்பின்னு ஒண்ணு விடல. ஆனா எட்டாத அந்தஸ்துன்னு போட்டிருக்கியே, எனக்கு எதுக்குடி அந்தஸ்து? நல்லதா போட்டுட்டு வாங்கன்னு நீ சொன்ன. அது மட்டும் அதுல இல்லயே.”

பூதத்துக்குத் தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. பித்தான் சிக்கிய நாளில் வந்த வெட்கம் காதைச் சூடாக்கி ஒரு வாரத்தில் ஆறிப்போனது. இது ஆறுகிற வெட்கம் இல்லை.

பலகையை அன்றே கழற்றச் சொல்லிப் பேராசிரியையிடம் போய் நின்றாள். நடந்ததையெல்லாம், தான் விட்டுவிட்ட பேச்சையும் சேர்த்து, சொன்னாள்.

“அவங்ககிட்ட இதச் சொல்லி அனுமதி வாங்கினியான்னு நான் கேட்டிருக்கணும். கோடு போட்டதோட நின்னுட்டேன்” என்றார். “நானும் வந்து பேசட்டுமா?”

“வேண்டாம் மேடம். அவங்க உங்களுக்கு டீ போட வேண்டியிருக்கும்.”

மறுநாள் கடைக்குத் தனியாகப் போனாள். அவள் கதவைத் திறந்ததும் உள்ளே நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது. நெட்டை பெட்டியை அழுத்தினான், புகை எழும்பியது, யாரும் வா என்று சொல்லவில்லை. பெரியக்கா ஒரு காலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால் பூதம் நிம்மதியாக அழுதிருப்பாள்.

பூதம் கேட்ட மன்னிப்பை முதலாளி ஏற்றுக்கொண்டார். அவருக்குச் சால்வையைவிட வயிறுதான் உறுத்தியது. “ஏம்மா, நிஜமாவே அவ்ளோ முன்னால வருதா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அண்ணியை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. அண்ணிதான் டீச்சரம்மா வீட்டுக்குத் தானே போய்ச் சொன்னாள். அந்த அம்மா கதவருகிலேயே நின்று கேட்டுவிட்டு, “சரிம்மா” என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு அவர் அந்தக் கடைக்குத் துணி போடவில்லை. சில வாரங்களில் அண்ணியும் நின்றுவிட்டாள்.

“கவுன்டர்ல நின்னா வர்றவங்க எல்லாம் என் தோளையே பாக்கற மாதிரி இருக்கு” என்று அண்ணனிடம் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சலவையில் வேலை கிடைத்தது. அங்கே எல்லாம் ஒரே வெள்ளை விரிப்பு, யாருடையது என்ற கேள்வியே இல்லை.

அண்ணன் கத்தவில்லை. பூதத்தை ‘வாங்க போங்க’ என்று பேச ஆரம்பித்தான். “அவங்க சாப்டாங்களான்னு கேளு”, “மேடம் படிக்கிறாங்க, டிவிய அணைச்சிடு”. பிறந்ததிலிருந்து பூதம், ஏய், லூசு என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த மரியாதை ஒவ்வொன்றும் அறையாக விழுந்தது. ஒரு மாதத்துக்கு மேல் அப்படி நடந்தது. கடைசியில் அண்ணிதான், “போதும்ங்க, விடுங்க” என்றாள். அவள் மட்டும் ஒரு நாளும் மாறவில்லை. காலையில் சாப்பாட்டு டப்பா மேசைமேல் எப்போதும்போல மூடித் தயாராக இருக்கும். பூதத்தால் அதைக் கல்லூரியில் திறக்க முடியவில்லை. சில நாள் அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். “பசிக்கலயா?” என்று கேட்டு அண்ணி வாங்கிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூதம் துணி காயப்போடும் மாடியில் அண்ணியிடம் சொன்னாள்: “அண்ணி, எனக்கு உங்க உடுப்ப நெனச்சு வெக்கமா இருந்துச்சு. அதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன். அத எழுதவும் வெக்கமா இருந்துச்சு.”

அண்ணி ஈரத் துணியை உதறினாள். “தெரியும்” என்றாள். “எனக்கும் அன்னைக்கு என்னய நெனச்சு வெக்கமாத்தான் இருந்துச்சு. கிளிப்ப எடு.”

ஆய்வை அவள் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆய்வகத்து எலும்புப் பெட்டிகளை ஒழுங்குபடுத்துவதைப் பற்றி வேறொன்று எழுதித் தேறினாள். மதிப்பெண் சுமார்தான். பட்டமளிப்புக்கு அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். என்ன உடுத்துவது என்று வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை.

இப்போது அவள் நகராட்சியில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் பிரிவில் இருக்கிறாள். ஒவ்வொரு பதிலுக்கும் “இத எழுதிக்கட்டுமா?” என்று கேட்பாள். “கேட்டதுக்குத்தானே சொன்னேன், எழுதித் தொலையேன்” என்று ஜனங்கள் எரிந்து விழுவார்கள். கூட வேலை பார்ப்பவர்களுக்கும் அவளோடு போனால் வேலை முடியாது என்று சலிப்பு. அவள் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அண்ணன் வீட்டுக்கு வாராவாரம் போவாள். போன வாரம் அண்ணி அடுக்களையில் நின்று ஆஸ்பத்திரிச் சலவையில் புதிதாக வந்த மேற்பார்வையாளரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி, குரலை மாற்றி, பழைய அண்ணியேதான். பூதம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்புறம் கேளேன், அந்தாளு ஒருநாள் மத்தியானம் ஸ்டோர் ரூம்ல...” என்றவள் பாதியில் நிறுத்தினாள். அடுப்பைக் குறைத்தாள்.

“சொல்லுங்க அண்ணி.”

“ஒண்ணுமில்ல. நீ சாப்டு, ஆறிடப் போகுது.”

பூதம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மீதிக் கதையை அவள் கேட்கவில்லை.